மினுக்கும் துணியின் கீழ் ஒரு சரித்திரம்

ஒவ்வொரு வீட்டிலும் திறவாத பெட்டி ஒன்று உண்டு. அஃது எப்பொழுதும் மரப்பெட்டியாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பெரியவர்கள் பேச்சின் நடுவே சட்டென்று நிறுத்திக்கொள்ளும் ஒரு பெயராக இருக்கலாம். சுவரில் மாட்டிய படங்களின் வரிசையில் இல்லாமற்போன ஒரு முகமாக இருக்கலாம். "அதெல்லாம் பழங்கதை, உனக்கு ஏன் அது?" என்று பிள்ளையின் கேள்விக்குக் கிடைக்கும் மறுமொழியாகவும் இருக்கலாம். கேட்ட பிள்ளை வாய் மூடிக்கொள்ளும். ஆனால் அந்த வீட்டில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை அன்றே அது அறிந்துகொண்டுவிடும்.

வீட்டுக்கு உள்ள இவ்வியல்பு ஊருக்கும் உண்டு, சமயங்களுக்கும் உண்டு. தன் முன்னோர் செய்த தவற்றைச் சொல்லுவதா, மறைப்பதா? சொன்னால் விசுவாசம் குன்றிவிடுமா? மறைத்தால் அது காக்கப்படுமா? இக்கேள்விகளுக்கு ஏட்டிலே விடை தேடுவதைவிட, ஒரு சமூகம் அவற்றோடு நூறாண்டுக்கு மேலாகப் போராடிய கதையைக் கேட்பது நமக்குப் பயன் தரும். அந்தச் சமூகம் அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் சமயத்தவருடையது. அக்கதையின் நடுவே நிற்பவர் ஓர் ஆசிரியை. அவருடைய பெயர் வனிற்றா புறூக்ஸ். அந்த அம்மையாரைப் பற்றியே இந்த வாரம் நம் நேயர்களோடு பேச விரும்புகிறோம்.

எழுதி வைக்கும் சமூகம்

முதலில் அச்சமயத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1830ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 6ஆந் திகதி, நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் சிமித் என்னும் இளைஞர் ஒரு திருச்சபையை நிறுவினார். அப்பொழுது அவருக்கு வயது 24. அவர் ஓர் எளிய கமக்காரரின் மகன். தேவதூதர் ஒருவர் காட்டிய இடத்தில், குன்றொன்றில் புதைந்திருந்த பொற்றகடுகளைத் தாம் பெற்றதாகவும், அவற்றில் எழுதியிருந்ததைத் தெய்வ அருளால் மொழிபெயர்த்ததாகவும் அவர் கூறினார். அதுவே 'மோர்மன் நூல்' என்ற பெயரோடு அவ்வாண்டு வெளிவந்தது. அந்நூலின் பெயரே அதை ஏற்றவர்களுக்கும் வழங்கலாயிற்று. சபையின் முழுப் பெயர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதாகும்.

அயலவர் இப்புதிய கூட்டத்தாரை வெறுத்தனர். ஒகையோவிலும் மிசூரியிலும் இல்லினோயிலும் அவர்கள் நிலைகொள்ள முயன்றனர். இடத்துக்கு இடம் துரத்தப்பட்டனர். 1844ஆம் ஆண்டு ஜூன் 27ஆந் திகதி, காதேஜ் என்னும் ஊரின் சிறையில் இருந்த ஜோசப் சிமித்தையும் அவருடைய தமையனாரையும் ஒரு வெறிக்கும்பல் சுட்டுக் கொன்றது. பின்னர் பிரிகம் யங் என்பவரின் தலைமையில் பெரும்பாலோர் மேற்கு நோக்கிப் புறப்பட்டு, 1847ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். அதுவே இன்றைய யூட்டா மாநிலத்தின் தொடக்கம்.

சபை நிறுவப்பட்ட அன்றே, நடப்பவற்றைப் பதிவு செய்து வைக்கவேண்டும் என்ற கட்டளை தெய்வ வாக்காகக் கிடைத்ததென மோர்மன்கள் நம்புகின்றனர். ஆகவே எழுதி வைத்தல் அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கன்று, சமயக் கடமை. மாட்டுவண்டிகளில் சமவெளியைக் கடந்து வந்தவர்களிற் பலர் நாட்குறிப்பு எழுதினார்கள். எந்த இடத்தில் தண்ணீர் கிடைத்தது, எந்த இடத்தில் குழந்தையைப் புதைத்தோம் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. இறந்துபோன முன்னோர்க்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர்களுடைய கொள்கை. அதனால் வமிசாவளி தேடுவதும் கடமையாயிற்று. சோல்ட் லேக் நகரின் அருகே கருங்கல் மலையைக் குடைந்து அமைத்த பாதுகாப்பறைகளில், உலகத்தின் பல நாடுகளிலிருந்து படம்பிடித்துத் திரட்டிய பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளை அவர்கள் சேமித்து வைத்திருக்கின்றனர்.

இவ்வளவு எழுதிய சமூகம், ஒரேயொரு நிகழ்ச்சியைப் பற்றி மாத்திரம் வாய் திறக்கக் கூசியது.

மலைப் புல்வெளியில் நடந்தது

1857ஆம் ஆண்டு யூட்டாவுக்கு ஓர் அச்சக் காலம். அமெரிக்க ஜனாதிபதி புக்கானன் அங்கே ஒரு படையை அனுப்பியிருந்தார். மீண்டும் அடித்துத் துரத்தப்படுவோமோ என்ற பீதியும், பழைய துன்பங்களின் நினைவும் மக்களைப் பற்றிக்கொண்டன. பிரசங்க மேடைகளிலிருந்து கனல் தெறிக்கும் வார்த்தைகள் எழுந்தன. அந்நேரத்தில் ஆர்க்கன்சோ மாநிலத்துக் குடும்பங்கள் பல, ஆடு மாடுகளோடும் பெண்டு பிள்ளைகளோடும் கலிபோர்னியாவுக்குக் குடியேறும் நோக்கத்துடன் தெற்கு யூட்டா வழியாக வந்தன.

மலைப் புல்வெளி என்று பொருள்படும் பெயர்கொண்ட ஓரிடத்தில் அவர்கள் பாளயமிறங்கியபோது, செப்டெம்பர் 7ஆந் திகதி தாக்கப்பட்டனர். வண்டிகளை வட்டமாக நிறுத்தி ஐந்து நாள் தாக்குப்பிடித்தனர். 11ஆந் திகதி வெள்ளைக்கொடியோடு ஒருவர் அவர்களிடம் வந்தார். அவர் பெயர் ஜோன் டி. லீ. ஆயுதங்களை ஒப்படைத்தால் பத்திரமாக அழைத்துச் செல்வதாக வாக்களித்தார். அவர்கள் அதை நம்பினார்கள். ஒவ்வோர் ஆடவனின் பக்கத்திலும் உள்ளூர்ப் படையைச் சேர்ந்த மோர்மன் ஒருவன் நடந்தான். சிறிது தூரம் சென்றதும் கட்டளை பிறந்தது. காவலாக வந்தவர்களே சுட்டனர். பெண்களும் விபரமறிந்த பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். ஏறக்குறைய 120 பேர் மாண்டனர். நடந்ததைச் சொல்லத்தெரியாத வயதினர் என்று கருதப்பட்ட 17 குழந்தைகள் மாத்திரம் உயிர் தப்பினர். இரண்டாண்டுகளின் பின் அவர்கள் ஆர்க்கன்சோவிலுள்ள உறவினரிடம் சேர்க்கப்பட்டனர்.

என்ன செய்வதென்று கேட்டுப் பிரிகம் யங்கிடம் அனுப்பப்பட்ட குதிரைவீரன், அவர்களை நிம்மதியாகப் போகவிடுமாறு கூறும் மறுமொழியோடு திரும்பினான். அவன் வந்து சேர்ந்தபோது கொலை முடிந்து இரண்டு நாளாகியிருந்தது.

பழி எங்கே போயிற்று? முதலில் அப்பகுதியின் ஆதிக்குடிகளான பையூட் மக்கள்மீது சுமத்தப்பட்டது. அவர்களிற் சிலரும் தாக்குதலில் இழுக்கப்பட்டிருந்தனர் என்பது மெய். ஆனால் திட்டமிட்டவர்கள் அவர்கள் அல்லர். அப்பழி போதாமற்போனபின் லீயின் தலையில் இறங்கிற்று. 1870ஆம் ஆண்டு அவர் சபையினின்றும் நீக்கப்பட்டார். இருமுறை விசாரிக்கப்பட்டார். 1877ஆம் ஆண்டு மார்ச் 23ஆந் திகதி அதே புல்வெளிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, தமக்கென வைத்திருந்த சவப்பெட்டியின் மீது அமர்ந்தபடி சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையிற் பங்குகொண்ட வேறெவரும் தண்டிக்கப்படவில்லை. லீ குற்றமற்றவர் அல்லர். ஆனால் பலர் செய்த குற்றத்தை ஒருவர் சுமந்தார். அவருக்குப்பின் அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தப் பெயரைச் சுமந்தார்கள்.

தவறிப்போன ஒரு சந்திப்பு

இந்நிகழ்ச்சிக்கு அறுபது ஆண்டுகளின் பின், நெவாடா மாநிலத்தின் மெஸ்கீற் என்னும் சிற்றூரில், இருபது வயதைக் கடந்துகொண்டிருந்த ஓர் ஆசிரியை கற்பித்துக்கொண்டிருந்தார். அவரே வனிற்றா. 1898ஆம் ஆண்டில் அண்டையிலுள்ள பங்கவில் என்னும் ஊரில், மோர்மன் முன்னோடிக் குடும்பமொன்றிற் பிறந்தவர்.

ஒருநாள் நீபாய் ஜோன்சன் என்னும் முதியவர் அவரைத் தேடி வந்தார். ஊரார் மதிக்கும் சமயப் பெரியவர். தம் கண்கள் கண்ட சிலவற்றை நாக்கு இதுவரை சொன்னதில்லை என்றும், இறப்பதற்குமுன் அவற்றை எழுதிவைக்க விரும்புவதாகவும், எழுதித்தரும் வேலையை அவரே செய்யவேண்டும் என்றும் அம்முதியவர் கேட்டுக்கொண்டார். இளம் ஆசிரியை சம்மதித்தார். ஆனால் பாடசாலை வேலைகள் இருந்தன. பிறகு போகலாம் என்று நாட்கள் கடந்தன. 1919ஆம் ஆண்டில், முதியவர் மரணப்படுக்கையில் இருக்கிறார் என்ற செய்தி வந்தபோதுதான் அவர் விரைந்து சென்றார். முதியவருக்கு அறிவு தெளிவதும் மயங்குவதுமாக இருந்தது. செபித்தார், பிரசங்கித்தார், பின்பு கண்கள் அகல விரிய, இரத்தம், இரத்தம் என்று அலறினார். அருகிலிருந்தவர்களிடம் காரணம் கேட்டபோதுதான், அவர் இளமையில் மலைப் புல்வெளியில் நின்றவர் என்பது ஆசிரியைக்குத் தெரியவந்தது.

அவர் சொல்ல நினைத்தது அவரோடு மண்ணுக்குள் போயிற்று. சொல்ல வந்த ஒருவரைக் காத்திருக்க வைத்துவிட்டோம் என்ற உறுத்தல் வனிற்றாவை வாழ்நாள் முழுவதும் விட்டதில்லை.

மினுக்கும் பலகை

அவருடைய வாழ்வு இலேசானதாக அமையவில்லை. விவாகமாகி ஓராண்டும் சில மாதங்களுமே கழிந்த நிலையில் கணவர் புற்றுநோயால் இறந்தார். கைக்குழந்தையோடு நின்ற அவர் சோர்ந்துவிடாமல் மேலும் கற்று, பட்டதாரியாகி, நியூயோர்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் முதுகலைப் பட்டமும் பெற்றார். தெற்கு யூட்டாவின் சென் ஜோர்ஜ் நகரத்துக் கலாசாலையில் கற்பித்தார். 1933ஆம் ஆண்டு வில் புறூக்ஸ் என்பவரை மணந்தார். அவருக்கு முதற்றாரத்துப் பிள்ளைகள் நால்வர், வனிற்றாவுக்கு ஒருவர், பின்னர் இருவருக்குமாக நால்வர் பிறந்தனர். ஒன்பது பிள்ளைகள் உள்ள வீடு எத்தகையது என்பதை நம் தாய்மார்க்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

அந்த வீட்டில் இருந்துகொண்டே அவர் ஆராய்ச்சி செய்தார். 1930களின் பொருளாதார மந்தத்தின்போது, வேலையற்றோருக்கு உதவும் அரசாங்கத் திட்டத்தின்கீழ், ஊர்ப் பெண்களைக் கொண்டு பழைய நாட்குறிப்புகளைத் தட்டெழுத்திற் படியெடுக்கும் பணியை நடத்தினார். பரண்களிலும் பெட்டகங்களிலும் கிடந்த எத்தனையோ குறிப்புகள் அவ்வாறு அழியாமற் காக்கப்பட்டன. அவற்றைத் தேடித் தொகுக்கும் வேலையில், கலிபோர்னியாவின் ஹன்ரிங்ரன் நூல்நிலையமும் பின்னர் அவருக்குத் துணைநின்றது.

பிள்ளைகள் உறங்கியபின் இரவில் எழுதுவார். பகலில் எழுதும்போது ஒரு சிறு உபாயம் செய்வார். தட்டெழுத்துப் பொறியின் பக்கத்தில் மினுக்கும் பலகையையும், மினுக்கவேண்டிய உடுப்புக் குவியலையும் ஆயத்தமாக வைத்திருப்பார். அயல்வீட்டார் கதவைத் தட்டினால் உடுப்புகள் பொறியின்மேற் போய்விடும். கையில் ஸ்திரிக்கைப் பெட்டி இருக்கும். வந்தவர்கள் ஒரு குடும்பப் பெண் உடுப்பு மினுக்குவதைக் கண்டு பேசிவிட்டுப் போவார்கள். துணியின் கீழே, அவர்களிற் பலருடைய பாட்டன்மார் செய்த செயலின் சரித்திரம் வளர்ந்துகொண்டிருந்தது. அவருடைய சொந்தப் பாட்டனார் டட்லி லெவிற்றும் அக்காலத்தில் அப்பகுதியில் வாழ்ந்தவர். கொலைக்களத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்டவர்களில் ஒருவர். ஆகவே பிறர் வீட்டுப் பெட்டியை மாத்திரம் அவர் திறக்கவில்லை. தம் வீட்டுப் பெட்டியையும் திறந்தார்.

சபையின் காப்பகத்திலிருந்த சாட்சிப் பத்திரங்களைப் பார்க்க அனுமதி கேட்டார். அது மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டதையும் நூலிலே குறித்துவிட்டு, தமக்குக் கிடைத்த ஆதாரங்களைக் கொண்டே எழுதி முடித்தார்.

நூல் வந்தபின்

1950ஆம் ஆண்டு, ஸ்ரான்போட் சர்வகலாசாலைப் பதிப்பகத்தின் வாயிலாக, 'மலைப் புல்வெளிப் படுகொலை' என்னும் பொருளுடைய பெயரில் அந்நூல் வெளிவந்தது. அவர் கண்ட முடிவுகள் தெளிவானவை. கொலையை நடத்தியவர்கள் அவ்வட்டாரத்து மோர்மன் தலைவர்களும் படையினருமே. பிரிகம் யங் அதற்குக் கட்டளையிட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அவரும் பிறரும் மூட்டிய போர்வெறி அதற்கு நிலம் பண்படுத்தியது. நடந்தபின் உண்மையை மறைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு. லீ பலியாடாக்கப்பட்டார்.

இந்த முடிவுகளை நாம் ஊன்றிப் பார்க்கவேண்டும். எதிரிகள் விரும்பியபடி எல்லாப் பழியையும் அவர் யங்கின்மேல் ஏற்றவில்லை. தம்மவர் விரும்பியபடி அவரை முற்றாக விடுவிக்கவும் இல்லை. குற்றவாளிகளை அரக்கர்களாகவும் அவர் தீட்டவில்லை. அவர்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவர்கள், பிள்ளைகளைக் கொஞ்சியவர்கள், தேவாலயத்தில் செபித்தவர்கள். அத்தகையோர் அச்சத்தினாலும் கீழ்ப்படிவினாலும் எப்படி அந்த நாளுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதே அவருடைய கேள்வி. அரக்கர் செய்த கொலையைப் பற்றிப் படிப்பவர் அச்சம் அடைவர். நம்மைப் போன்றவர் செய்ததைப் படிப்பவரோ தம்மைத்தாமே சோதித்துக்கொள்வர்.

அவர் சபையினின்றும் நீக்கப்படவில்லை. தண்டனை வேறு வடிவில் வந்தது. பழகியவர்கள் முகங்கொடுத்துப் பேசத் தயங்கினார்கள். ஊர் அவரைச் சுற்றி மெளனத்தால் ஒரு வேலி கட்டிற்று. அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. ஞாயிறுதோறும் வழிபாட்டுக்குப் போவதையும் நிறுத்தவில்லை. தாம் சேர்ந்திருக்கும் திருச்சபைக்கு உண்மையைவிடக் குறைந்த எதுவும் தகுதியாகாது என்பதே அவருடைய நிலை. 'சபையை நேசிப்பவள் எப்படி இதை எழுதினாள்?' என்று கேட்டோர் பலர். நேசித்தபடியால்தான் எழுதினார் என்பது அவர்களுக்கு விளங்க நெடுங்காலம் சென்றது.

1961ஆம் ஆண்டு லீயின் வாழ்க்கை வரலாற்றையும் அவர் வெளியிட்டார். அதே ஆண்டில், லீயின் வமிசத்தவர் செய்த விண்ணப்பத்தின்மேல், இறந்து 84 ஆண்டுகள் கழிந்த அம்மனிதரைச் சபைத் தலைமை மீண்டும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதைப் பகிரங்கப்படுத்த வேண்டாம் என்றும், பகிரங்கமானால் தீர்மானமே மாற்றப்படலாம் என்றும் எச்சரிக்கை வந்தது. அம்மையார் அதனையும் அச்சேற்றினார். மறைவிலே வழங்கப்படும் நீதி, பழியை வெளியிலே சுமந்தவர்களுக்கு எப்படிப் போதும்? தீர்மானம் மாற்றப்படவில்லை.

எது உண்மை, எது பயன்?

வனிற்றா புறூக்ஸ் தனியாக நிற்கவில்லை. 1945ஆம் ஆண்டில், போன் புரோடி என்னும் பெண்மணி ஜோசப் சிமித்தின் வரலாற்றை நம்பிக்கையற்ற கண்ணோடு எழுதி வெளியிட்டார். அவர் பின்னாளிற் சபைத் தலைவரான டேவிட் மக்கேயின் சகோதரருடைய மகள். அடுத்த ஆண்டே சபையினின்றும் நீக்கப்பட்டார். இலக்கியத்திலும் இதே கேள்வி தோன்றிற்று. மோரீன் விப்பிள் என்பவர் 1941ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவல் ஒன்று, சென் ஜோர்ஜ் நகரை உருவாக்கிய முன்னோடிகளின் வீரத்தோடு, பலதார மணத்தில் வாடிய மனைவியரின் கண்ணீரையும் காட்டியது. ஊரார் அந்நூலை விரும்பவில்லை. 1966ஆம் ஆண்டு, மோர்மன் சிந்தனைக்கென 'உரையாடல்' என்று பொருள்படும் பெயரில் ஒரு சஞ்சிகை தோன்றியது. சபையின் ஆதரவிலோ சபைக்கு எதிராகவோ அல்லாது, விசுவாசமும் கல்வியும் ஒரே மேசையில் அமர்ந்து பேசவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

1972ஆம் ஆண்டு சபை ஒரு துணிவான காரியம் செய்தது. லெனாட் அரிங்ரன் என்னும் பேராசிரியரைத் தன் அதிகாரபூர்வமான சரித்திராசிரியராக நியமித்தது. காப்பகத்தின் கதவு திறந்தது. இளம் ஆராய்ச்சியாளர் பலர் உள்ளே வந்தனர். ஆனால் அந்த வசந்தம் நீடிக்கவில்லை. தலைவர்களிற் சிலர் கவலை கொண்டனர். 1980களின் தொடக்கத்தில் அவருடைய பகுதி கலைக்கப்பட்டு, ஒரு சர்வகலாசாலைக்கு மாற்றப்பட்டது. 1982ஆம் ஆண்டு அவர் பதவியினின்றும் விடுவிக்கப்பட்டார்.

அக்கவலையை நாம் எள்ளி நகையாடுதல் தகாது. அப்போஸ்தலர்களில் ஒருவரான போய்ட் பாக்கர் 1981ஆம் ஆண்டில் சமய ஆசிரியர்களுக்கு ஆற்றிய உரையில், மெய்யானவை எல்லாம் பயனுள்ளவை ஆகா என்ற கருத்தை வற்புறுத்தினார். பிள்ளைகளை வளர்க்கும் எவருக்கும் இதிலுள்ள நியாயம் விளங்கும். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று நம் வள்ளுவரும் வாய்மை அதிகாரத்திற் சொல்லவில்லையா?

சொன்னார். ஆனால் அவர் வைத்த நிபந்தனையை மறத்தலாகாது. நன்மை குற்றமற்றதாக இருக்கவேண்டும். மலைப் புல்வெளியைப் பற்றிய மெளனம் யாருக்கு நன்மை செய்தது? சில குடும்பங்களின் மானத்தைக் காத்தது. அதே மெளனம் லீயின் பேரப்பிள்ளைகளைத் தலைகுனிய வைத்தது. பையூட் மக்களைக் கொலைகாரராக நூல்களில் நிறுத்தியது. ஆர்க்கன்சோவில் தாய் தந்தையரை இழந்து வளர்ந்தவர்களுக்கு நடந்தது என்னவென்று சொல்ல மறுத்தது. ஒருவர் முதுகிலிருந்து இறக்கிய சுமையை மற்றொருவர் முதுகில் ஏற்றுவது நன்மையாகுமா?

மறைப்பதால் வேறொரு தீங்கும் உண்டு. மூடிய கதவுக்கு முன்னால் வதந்தி கடை விரிக்கும். 1980களில் மார்க் ஹொவ்மன் என்பவன், மோர்மன் சமயத்தின் ஆரம்பகாலப் பத்திரங்கள் என்று போலிகளைச் செய்து விற்றான். அவற்றிற் சில, நிறுவனரின் கதையையே புரட்டிப் போடத்தக்கவை. திருச்சபையும் வாங்கியது, ஆராய்ச்சியாளர்களும் ஏமாந்தனர். குட்டு வெளிப்படும் நிலை வந்தபோது, 1985ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவன் வைத்த வெடிகுண்டுகளால் இருவர் மாண்டனர். இதில் இருதரப்பாருக்கும் பாடம் உண்டு. சங்கடமான பத்திரம் என்பதற்காக ஒன்றை ஒளித்துவைத்தலும் தவறு. சங்கடம் தருகிறது என்பதற்காகவே அதனை மெய்யென்று நம்புதலும் தவறு.

1993ஆம் ஆண்டு செப்டெம்பரில், எழுத்தாளரும் ஆய்வாளருமான அறுவர்மீது சபை ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. ஐவர் நீக்கப்பட்டனர். அவர்களில் ஒருவரான லவீனா பீல்டிங் அன்டேசன் அம்மையார், நீக்கப்பட்ட பின்பும் தம் ஊர்ச் சபையின் ஞாயிறு வழிபாட்டுக்குப் போய்க்கொண்டேயிருந்தார். முப்பது ஆண்டுகள், உறுப்பினரல்லாதவராக, அதே மண்டபத்தில் அமர்ந்திருந்தார். 2023ஆம் ஆண்டு காலமானார். கதவு சாத்தப்பட்டபின்னும் வாசலை விட்டகலாத அன்பை என்னவென்பது!

பெட்டி திறக்கப்பட்டது

மெல்ல மெல்லக் காலம் மாறிற்று. 1990ஆம் ஆண்டு, கொல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்களும் கொன்றவர்களின் வழித்தோன்றல்களும் ஒன்றுகூடி, புல்வெளியில் எழுப்பிய நினைவுச்சின்னத்துக்கு விழா எடுத்தனர். லீயின் வமிசத்தவரும் ஒரு சர்வகலாசாலையின் தலைவருமான றெக்ஸ் லீ அங்கே பேசினார். இருதரப்பாரும் கைகோத்து நின்றனர். 2007ஆம் ஆண்டு, 150ஆவது நினைவுநாளன்று, அப்போஸ்தலரான ஹென்றி அயரிங் அதே இடத்தில் சபையின் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தார். அநியாயமாகப் பழி சுமந்த பையூட் மக்களுக்கும் தனியாக வருத்தம் தெரிவிக்கப்பட்டது. மறு ஆண்டில், சபையின் வரலாற்றுப் பகுதியைச் சேர்ந்த இருவரும் மற்றோர் அறிஞரும் சேர்ந்து, காப்பகத்தின் ஆதாரங்களைத் தடையின்றிப் பயன்படுத்தி, அப்படுகொலையைப் பற்றி ஒரு பெருநூலை ஒக்ஸ்போட் பதிப்பகத்தின் மூலம் வெளியிட்டனர். வனிற்றாவுக்குத் திறக்கப்படாத பெட்டி இவர்களுக்குத் திறக்கப்பட்டது. அவர் பாதி ஆதாரத்தோடு கண்ட முடிவுகளின் சாரம் முழு ஆதாரத்தின் முன்னும் நிலைத்து நின்றது.

ஜோசப் சிமித்தின் பத்திரங்கள் அனைத்தையும் அச்சிடும் பணி 2008 முதல் 2023 வரை நடைபெற்று, 27 தொகுதிகளாக நிறைவேறிற்று. 2013ஆம் ஆண்டு முதல் சபையே வெளியிட்ட கட்டுரைகளில், நிறுவனர் முப்பதுக்கு மேற்பட்ட பெண்களை மணந்தவர் என்பது போன்ற, முன்னர் மேடையிற் பேசப்படாத செய்திகளும் ஒப்புக்கொள்ளப்பட்டன. இவற்றைப் படித்துச் சபையை விட்டுச் சென்றவர்களும் உண்டு. படித்தபின்னும் நின்றவர்களும் உண்டு. சென்றவர்களிற் பலருடைய மனக்குறை, முன்னோர் தவறு செய்தார்கள் என்பதன்று. அதை நமக்கு ஏன் சொல்லவில்லை என்பதே.

வனிற்றா புறூக்ஸ் 1989ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். கைகோத்து நின்ற காட்சியை அவர் காணவில்லை. ஆயினும் அந்தக் கைகளைச் சேர்த்தவர்களில் அவர் முதல்வர்.

நமக்குரியது

நேயர்களே, கடலுக்கு அப்பாலுள்ள ஒரு சபையின் கதையை இவ்வளவு நேரம் கேட்டீர்கள். மாணவர்களுக்கு இதில் உள்ள பாடம் வெளிப்படையானது. சரித்திரம் எழுதப் புகுவோருக்கு வெறுப்பும் உதவாது, வழிபாடும் உதவாது. ஆதாரம் காட்டும் இடம்வரை சென்று, அது நிற்கும் இடத்தில் நின்றுவிடும் அடக்கம் வேண்டும். தம்மவரைப் பற்றி எழுதும்போது அவ்வடக்கத்தோடு துணிவும் வேண்டும்.

குடும்பத்தினருக்கு நாம் சொல்ல விரும்புவது இன்னும் எளியது. நீபாய் ஜோன்சனைப் போன்ற முதியவர் ஒருவர் நம் வீடுகளிலும் இருக்கக்கூடும். சாய்மனைக் கதிரையில் அமர்ந்தபடி, எதையோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொள்பவராக இருக்கலாம். அவர் சொல்லவிருப்பது பெருமையோ சிறுமையோ, நாம் அறியோம். ஆனால் பரீட்சை முடியட்டும், பெருநாள் கழியட்டும் என்று நாம் தள்ளிப்போடும் நாட்களை அவருடைய ஆயுள் பொறுத்துக்கொள்ளும் என்பதற்கு உறுதி இல்லை. அந்த ஆசிரியை ஒருமுறை பிந்திப் போனார். அந்தப் பிந்துதலுக்கு ஈடாக முப்பது ஆண்டு உழைத்தார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பெரியவரின் அருகே அமருங்கள்.